விடியும்வரை விடாத நாவல்கள்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில், நெடுந்தொலைவு ரயில் பயணத்தில் படிக்க எதை எடுத்துச் செல்லலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ராணுவ அதிரடி நாவல் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த வரியை ஒட்டி வந்த கடிதங்களைப் படித்தபோது, பலர் இவற்றை விரும்பிப் படித்தும் வெளியில் சொல்லத் தயங்குவது தெரிந்தது. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அண்மையில் பேரன் மறந்து வைத்துவிட்டுப் போன ஓர் ஆங்கில நாவலைப் புரட்டினேன். அன்டார்க்டிகாவில் உள்ள ஓர் ஆய்வு நிலையத்துக்குள் அமெரிக்க மரைன் படையினர் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தாக்குகிறார்கள், பிறகு ஆங்கிலேயர்கள் வருகிறார்கள், தண்ணீருக்குள் திமிங்கிலங்கள் வேறு. ஒன்றையும் நம்ப முடியவில்லை. ஆனாலும் மாலை ஆறு மணிக்கு எடுத்த புத்தகத்தை விடியற்காலை மூன்று மணிக்குத்தான் கீழே வைத்தேன். என்னைப் பிடித்து வைத்தது எது? சற்று வெட்கமாகவும் இருக்கிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அம்மா, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நீங்கள் படித்தது ஆஸ்திரேலியரான மாத்யூ ரெய்லி 1998-இல் வெளியிட்ட ‘ஐஸ் ஸ்டேஷன்’ என்ற நாவல். அவர் படையில் இருந்தவர் அல்லர். சிட்னியில் சட்டம் படித்தவர். அவருடைய முதல் நாவலைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டதால், 1996-இல் சொந்தச் செலவில் 1,000 படிகள் அச்சிட்டுக் கடைகளில் வைத்தார். ஒரு கடையில் அதைக் கண்டெடுத்த பெரிய பதிப்பகம் ஒன்றின் ஆசிரியர், அவரைத் தேடிப் பிடித்து அடுத்த நாவலுக்கு ஒப்பந்தம் செய்தார். அந்த அடுத்த நாவல்தான் உங்கள் பேரன் விட்டுச் சென்றது. அது வெளிவந்தபோது ரெய்லிக்கு 24 வயது.

நம்ப முடியவில்லை, ஆனாலும் வைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதாக உங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் உங்களுக்கு மிகவும் பழக்கமான ஓர் இலக்கிய வகையிலேயே இதற்கு விடை இருக்கிறது. போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாடுவது பரணி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைத்து உண்பதை நடத்தியிருப்பீர்கள். செயங்கொண்டார் நம்மை நேராகக் களத்துக்குள் கொண்டுபோய்த் தள்ளிவிடுவதில்லை. கடைதிறப்பு, காடு பாடியது, கோயில் பாடியது என்று ஒவ்வொரு வாசலாகத் திறந்து உள்ளே அழைத்துச் செல்கிறார். காட்டின் வெம்மையை நாம் உணர்ந்த பிறகுதான் கோயில் வருகிறது. கோயிலுக்குள் போன பிறகுதான் பேய்கள் பேசுகின்றன. மிகை அந்த முறையான அமைப்பின் மேல் நிற்பதால்தான் நாம் அதை ஏற்கிறோம்.

உங்களை விடியும்வரை பிடித்து வைத்த நாவலும் இதையே செய்கிறது. பனிக்குள் செங்குத்தாக இறங்கும் ஒரு பெரிய கிணறு, அதன் சுவரைச் சுற்றி ஐந்து தளங்கள், அடியில் கடலோடு சேரும் குளம்: நிலையத்தின் இந்த அமைப்பை ஆசிரியர் தொடக்கத்திலேயே, வரைபடத்தோடு, நம் மனத்தில் பதிய வைத்துவிடுகிறார். அதன் பிறகு யார் எந்தத் தளத்தில் நிற்கிறார், அவருக்கும் ஏணிக்கும் இடையில் எவ்வளவு தூரம், குளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் நமக்கு முன்கூட்டியே தெரியும். ஒருவர் கால் தவறும்போது அவர் எங்கே விழப்போகிறார் என்று ஆசிரியர் சொல்வதற்குள் நமக்கே தெரிந்துவிடுகிறது. நெஞ்சு படபடப்பது அந்த முன்னறிவினால்தான். நிகழ்ச்சிகள் எவ்வளவு மிகையானவையாக இருந்தாலும், அந்த இடத்தின் விதிகளை ஆசிரியர் ஒருபோதும் மீறுவதில்லை. நீங்கள் நம்பாதது நிகழ்ச்சிகளை. நம்பியது அந்த இடத்தை.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் நாள்தோறும் சுமக்கும் அச்சங்களுக்கு ஓரம் கிடையாது. உடலில் ஏதோ ஒரு வலி, வராத கடிதம், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் குரலில் தெரிந்த சோர்வு: இவை எங்கே தொடங்குகின்றன, எப்போது முடியும், நாம் என்ன செய்தால் தீரும் என்று எதுவும் தெளிவாக இராது. இந்த நாவல்களில் அச்சத்துக்கு ஓர் இடம் உண்டு, ஒரு நேரம் உண்டு, அடுத்த பத்து நொடிக்குள் செய்வதற்கு ஒரு செயலும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் தந்தை மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பதினொரு நாட்களும், நான் வெளியே இருந்த நாற்காலியில் அமர்ந்து இத்தகைய நாவல்களைத்தான் படித்தேன். கவிதை ஒரு வரிகூட உள்ளே இறங்கவில்லை. பனிமலையில் கயிறு அறுந்து தொங்குகிற ஒருவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அவன் மேலேறி வந்ததைப் படித்த ஒவ்வொரு முறையும் நானும் சிறிது மூச்சு விட்டேன். அந்த நன்றியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

கேள்வி: நான் இருபத்து நான்கு ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி, சுபேதாராக ஓய்வு பெற்றவன். இந்த நாவல்களில் வருவது எதுவும் உண்மையில் நடப்பதில்லை. தோட்டாக்கள் அடங்கிய மேகசினை மாற்றாமலே சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். தோளில் குண்டு பாய்ந்தவன் எழுந்து ஓடுகிறான். தெரிந்தும் நீங்கள் ஏன் இவற்றைப் பரிந்துரைக்கிறீர்கள்?
- முன்னாள் படைவீரர், வேலூர் மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் குறை நியாயமானது. வாசகர்களுக்காக அதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். ஏகே-47 போன்ற ஒரு துப்பாக்கி தொடர்ந்து சுடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 தோட்டாக்கள் என்ற வேகத்தில் சுடும். 30 தோட்டா கொண்ட மேகசின் மூன்றே நொடியில் காலியாகிவிடும். நாவலில் நாயகன் ஒரு பக்கம் முழுவதும் விரலை எடுக்காமல் சுடுகிறான் என்றால், அந்தப் பக்கத்துக்குள் அவன் பலமுறை மேகசின் மாற்றியிருக்க வேண்டும். சைலன்சர் பொருத்திய துப்பாக்கி இருமல் போல ஒலிப்பதாக எழுதுகிறார்கள். துப்பாக்கி வெடிக்கும் ஒலி 160 டெசிபல் அளவில் இருக்க, அந்தக் கருவி குறைப்பது 20 முதல் 35 வரைதான், எனவே அடுத்த அறையில் இருப்பவருக்கு அது நன்றாகவே கேட்கும். தோள் என்பது குண்டு பாய்ந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாத இடம் என்ற எண்ணமும் தவறு. கைக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாயும் நரம்புக் கற்றையும் அந்த வழியாகத்தான் போகின்றன.

மெய்யான ஒரு நடவடிக்கையை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். 1980 ஏப்ரல் 30 அன்று லண்டனில் உள்ள ஈரானியத் தூதரகத்தை ஆயுதம் ஏந்திய ஆறு பேர் கைப்பற்றி, 26 பேரைப் பணயக்கைதிகளாகப் பிடித்தார்கள். மே 5 அன்று பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்பு அதிரடிப் படையினர் உள்ளே புகுந்து 17 நிமிடத்தில் அதை முடித்தார்கள். தொலைக்காட்சியில் நேரலையாக அதைப் பார்த்தவர்களுக்கு அந்த 17 நிமிடம்தான் நினைவில் நின்றது. அதன்பின் வந்த அதிரடி நாவல்கள் பலவற்றில் கறுப்பு உடையும் முகமூடியுமாகக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் வீரர்கள் நிரம்பியதற்கு அந்தக் காட்சியே பெரிய காரணம். ஆனால் அந்த 17 நிமிடத்துக்கு முன்னால் ஆறு நாள் காத்திருப்பு இருந்தது. கட்டடத்தின் மாதிரியை அமைத்து ஒத்திகை பார்த்தார்கள். எந்தக் கதவு வலுவானது, எந்தச் சன்னல் உடையாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சுவரில் துளையிடும் ஓசை வெளியே கேட்காதிருக்க விமானங்களைத் தாழப் பறக்கச் செய்தார்கள். இவ்வளவு ஆயத்தத்துக்குப் பிறகும், இறங்கியவர்களில் ஒருவர் கயிற்றில் சிக்கித் தொங்கி, சன்னலில் எழுந்த தீயில் காயமடைந்தார். பணயக்கைதிகளில் ஒருவர் தாக்குதலுக்கு முன்பே கொல்லப்பட்டிருந்தார், இன்னொருவர் தாக்குதலின்போது இறந்தார்.

நாவலாசிரியர் அந்த ஆறு நாட்களை வெட்டி எறிந்துவிட்டு, 17 நிமிடத்தை நானூறு பக்கமாக நீட்டுகிறார். இதை நான் பொய் என்று எண்ணவில்லை. வாசகரோடு அவர் வெளிப்படையாகச் செய்துகொள்ளும் உடன்பாடாகவே எண்ணுகிறேன். தீராத தோட்டாவையும் ஓசையில்லாத துப்பாக்கியையும் நான் மன்னித்துவிடுகிறேன்.

நான் மன்னிக்காதவை வேறு. பிடிபட்டவனைச் சித்திரவதை செய்தால் அவன் சரியான நேரத்தில் சரியான உண்மையைச் சொல்லிவிடுவான் என்று எழுதும் நாவல்கள் பல இருக்கின்றன. அந்தக் காட்சியைப் படித்து வளரும் ஒருவர், உலகத்திலும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பிவிடுகிறார். வழியில் இறந்துபோகும் சாதாரண மக்களைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதாமல் நகர்ந்துவிடும் நாவல்களையும் நான் பாதியில் மூடிவிடுவேன். தோழன் இறந்த பிறகு நாயகன் அடுத்த அத்தியாயத்தில் நகைச்சுவை பேசினால், அந்த ஆசிரியரிடம் எனக்கு வேலை இல்லை. பௌதிகத்தில் மிகை இருக்கலாம். துயரத்தில் மோசடி இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது வகைப் பொய்யை என்னைவிட நீங்கள் விரைவாகக் கண்டுபிடிப்பீர்கள் என்று நம்புகிறேன். அலிஸ்டர் மக்லீன் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளரை மட்டும் உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். அவர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர். ஆர்க்டிக் கடல் வழியே சோவியத் நாட்டுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற கப்பல் அணிகளுக்குக் காவலாகப் போனவர். 1955-இல் வெளிவந்த ‘எச்.எம்.எஸ். யுலிசிஸ்’ அந்தக் கடலைப் பற்றியது. அதில் குளிரும் உறக்கமின்மையும்தான் முதல் எதிரிகள். அந்தச் சோர்வு, அங்கே இருந்தவர் எழுதியது.

கேள்வி: இத்தகைய நாவல் ஒன்றைத் தமிழில் எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுகிறேன், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வெடிப்பு வைக்கிறேன். ஆனாலும் படித்த நண்பர்கள் வேகமே இல்லை என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, வேகத்தை வெடிப்புகளில் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெடிப்பு ஒரு முடிவு. அது நிகழ்ந்துவிட்டால் வாசகருக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை. வெடிக்கப்போகிறது என்று வாசகருக்குத் தெரிந்து, பாத்திரத்துக்குத் தெரியாமல் இருக்கும் அரைப்பக்கத்தில்தான் வேகம் பிறக்கிறது.

மக்லீன் 1957-இல் வெளியிட்ட ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’ நாவலை எடுத்துப் பாருங்கள். கேரோஸ் என்ற தீவில் பிரிட்டிஷ் வீரர்கள் 1,200 பேர் சிக்கியிருக்கிறார்கள். அவர்களை மீட்கக் கப்பல்கள் வர வேண்டும். கப்பல்கள் வரும் வழியை நவரோன் தீவின் குன்றுக்குள் இருக்கும் இரண்டு ஜெர்மானியப் பெரும் பீரங்கிகள் காக்கின்றன. கப்பல்கள் வருவதற்குள் பீரங்கிகள் அழிய வேண்டும். தீவுகள் கற்பனை, ஆனால் 1943-இல் ஈஜியன் கடலில் லெரோஸ் தீவில் பிரிட்டிஷ் படை ஜெர்மானியரிடம் வீழ்ந்த மெய்யான போரின் நிழல் அதில் உண்டு. சில வாக்கியங்களில் அடங்கும் இந்தக் கதை ஏற்பாடு மிக எளிமையானது. எளிமையாக இருப்பதால்தான் அது முன்னூறு பக்கத்தையும் இழுத்துச் செல்கிறது. இதன்பின் மழை பெய்தாலும், ஒருவர் கால் முறிந்தாலும், உணவுப் பொதி கடலில் விழுந்தாலும், ஒவ்வொன்றையும் வாசகர் அந்த 1,200 பேரோடு சேர்த்தே கணக்கிடுகிறார். நீங்கள் ஒவ்வொரு பக்கத்திலும் வெடிப்பு வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வெடிப்பினால் யாருக்கு என்ன நேரம் குறைகிறது என்பதையும் எழுதியிருக்கிறீர்களா?

கருவிகளிலும் கண்டிப்பு வேண்டும். ரெய்லியின் நாயகனிடம் மேக்ஹூக் என்ற ஒரு கருவி இருக்கிறது. காந்தம் பொருத்திய கொக்கியைக் கயிற்றோடு எய்யும் ஒரு துப்பாக்கி அது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஆசிரியர் முதலிலேயே காட்டிவிடுகிறார். காந்தம் இரும்பில் ஒட்டும், பனியில் ஒட்டாது. இந்த எல்லை நமக்குத் தெரிந்திருப்பதால், நாயகன் அதை எய்யும் ஒவ்வொரு முறையும் நாம் எதில் ஒட்டப்போகிறது என்று தேடுகிறோம். அவசரத்துக்குப் புதிதாக ஒரு கருவியைப் பையிலிருந்து எடுத்தால் வாசகர் உங்களை விட்டுப் போய்விடுவார்.

வேறொரு பாதையும் உண்டு. காப்பீட்டு முகவராக இருந்த டாம் கிளான்சி 1984-இல் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைப் பற்றி எழுதிய முதல் நாவலை, அதுவரை புனைவு நாவல் எதையும் வெளியிட்டிராத அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் பதிப்பகம் வெளியிட்டது. அதிபர் ரீகன் அதைப் பாராட்டியதும் புகழ் பரவியது. அந்த நாவலில் ஒருவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் கேட்கும் மெல்லிய ஓசையைப் பக்கக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். ஓடுவதும் இல்லை, சுடுவதும் இல்லை. இருந்தும் மூச்சு முட்டுகிறது, ஏனெனில் அந்த ஓசை என்ன பொருள் தரும் என்பதை நாமும் அவரோடு சேர்ந்து கற்றுக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு ஒரு நன்மை கூடவே இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வரும். ‘கதவுக்குப் பின்னால் கத்தியோடு நின்றவனின் கையை அவள்’ என்று எழுதியவுடன், அவள் பிடித்தாளா, வெட்டினாளா, காணவே இல்லையா என்பது கடைசிச் சொல் வரும்வரை தெரியாது. நம் மாத நாவல் ஆசிரியர்கள் இதை நன்கு பயன்படுத்தியிருக்கிறார்கள். நீங்களோ எல்லா வாக்கியத்தையும் மூன்று சொல்லில் வெட்டிவிட்டதால், எதையும் தேக்கி வைக்க இடமில்லாமல் போய்விட்டது. நீண்ட வாக்கியம் ஒன்றை எழுதி, அதில் வாசகரை மூச்சடக்க வைத்து, பிறகு ஒரு சிறு வாக்கியத்தில் விடுவித்துப் பாருங்கள். குறுமை எங்கும் நிறைந்தால் அது குறுமையாகவே தெரியாது.

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன் பாடநூலைத் தவிர இந்தச் சண்டை நாவல்களை மட்டுமே படிக்கிறான். வாங்கித் தருவதை நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. ஆனால் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ‘ஐஸ் ஸ்டேஷன்’ போன்றவற்றில் ரத்தம் நிறைந்த காட்சிகள் உண்டு. அவற்றை இன்னும் இரண்டு ஆண்டு தள்ளி வைக்கலாம். மக்லீனின் நாவல்களை இப்போதே கொடுக்கலாம்.

அதைவிட முக்கியமாக, அவன் படித்து முடித்ததும் பக்கத்தில் அமர்ந்து உலக வரைபடத்தை விரித்துக் கேளுங்கள். இந்த இடம் எங்கே இருக்கிறது, அங்கே படைகள் போகலாமா என்று பேச்சுக் கொடுங்கள். அன்டார்க்டிகாவைப் பற்றி 1959-இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட ஓர் உடன்படிக்கை இருக்கிறது. 1961-இல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கை, அங்கே ராணுவத் தளம் அமைப்பதையும் ஆயுதச் சோதனை நடத்துவதையும் தடை செய்கிறது. அமைதியான நோக்கங்களுக்கு மட்டுமே அந்த நிலம் திறந்திருக்கிறது. இந்தியாவும் 1983-இல் அதில் சேர்ந்தது. ஒரு கண்டம் முழுவதையும் போரிலிருந்து விலக்கி வைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன என்று அறிந்த பிறகே, அந்த நாவலில் படைகள் அங்கே இறங்குவது எவ்வளவு பெரிய மீறல் என்பது அவனுக்குப் புரியும். சண்டையைத் தேடி உள்ளே போன பிள்ளை, புவியியலோடும் வரலாற்றோடும் வெளியே வருவதை நான் என் உறவினர் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இந்த நாவல்களில் வில்லன் எப்போதும் அயல்நாட்டவனாகவே இருப்பது ஏன்?
- வாசகர், சேலம்

பதில்: இந்த வகையின் பிறப்பிலேயே அந்தக் குணம் இருக்கிறது. பிரான்சை ஜெர்மானியப் படைகள் தோற்கடித்த சூட்டில், 1871-இல், ஜார்ஜ் செஸ்னி என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், ஜெர்மானியர் இங்கிலாந்தின் மீதே படையெடுத்து வெல்வதாகக் கற்பனை செய்து ஒரு கதை எழுதினார். இந்தியாவில் பணியாற்றியவர் அவர். பிரதமர் கிளாட்ஸ்டன் பொதுமேடையில் கண்டித்துப் பேசும் அளவுக்கு அந்தக் கதை நாட்டைக் கலக்கியது. அன்று முதல், ஒரு நாடு எந்த நாட்டைக் கண்டு அஞ்சுகிறதோ அந்த நாட்டவரே அதன் நாவல்களில் வில்லனாக வருகிறார்கள்: முதலில் ஜெர்மானியர், பிறகு சோவியத்துகள், 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு வேறு வேறு பெயர்கள். ஒரு நாட்டின் பழைய அதிரடி நாவல்களை வரிசையாக அடுக்கினால் அதன் அச்சங்களின் வரலாறு கிடைத்துவிடும்.

இது அந்த நாவல்களின் பெரிய குறை என்பதில் எனக்கு ஐயமில்லை. முகமில்லாத எதிரிகளைக் கூட்டம் கூட்டமாகச் சாகடிக்கும் எழுத்து, அந்த மொழி பேசும் மனிதர்களை நாம் பார்க்கும் பார்வையையும் கெடுத்துவிடுகிறது. நல்ல ஆசிரியர்கள் இதை உணர்ந்தே எழுதுகிறார்கள். மேலே சொன்ன கிளான்சியின் நாவலில், பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்திலும், நம் மனம் அதிகம் தவிப்பது சோவியத் கப்பலின் தலைவருக்காகத்தான். ரெய்லியின் நாவலில் நாயகனைத் தாக்க வருபவர்கள் அவனுடைய நாட்டின் நட்பு நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

கேள்வி: இவை ஆண்களுக்கான நாவல்கள் என்று என் தோழிகள் சொல்கிறார்கள். நான் விரும்பிப் படிக்கிறேன். பெண்களுக்கு இவற்றில் இடம் உண்டா?
- வங்கி ஊழியர், மதுரை

பதில்: நீங்கள் படிப்பதே முதல் பதில். பழைய நாவல்களில் இடம் மிகக் குறைவு என்பது உண்மை. பீரங்கிகளை அழிக்கச் செல்லும் நவரோன் அணியில் ஒரு பெண்கூட இல்லை. அதைத் திரைப்படமாக எடுத்தவர்கள்தாம் பெண் பாத்திரங்களைச் சேர்த்தார்கள். பிற்கால நாவல்களில் நிலைமை மாறியது. ரெய்லியின் மரைன் அணியில் ‘மதர்’ என்று எல்லோராலும் அழைக்கப்படும் ஒரு பெண் சார்ஜண்ட் வருகிறார். உயரமும் வலிமையும் முரட்டுப் பேச்சும் கொண்ட அவர், தொடரின் முதல் நாவலான ‘ஐஸ் ஸ்டேஷ’னிலேயே ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு அடுத்த நாவல்களிலும் படையில் தொடர்கிறார். நாயகனின் காதலியாகவோ காப்பாற்றப்பட வேண்டியவராகவோ அவர் படைக்கப்படவில்லை. அவனுக்கு மிக நெருங்கிய தோழராக இருக்கிறார். அந்தத் தொடரில் யார் இறந்தாலும் தாங்கிக்கொள்வேன், இவர் மட்டும் இறக்கக் கூடாது என்று பக்கம் புரட்டிய இரவுகள் எனக்கு உண்டு.

கேள்வி: இவற்றைத் தமிழில் மொழிபெயர்க்க ஆவல். முதலில் எந்தச் சிக்கல் வரும்?
- மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

பதில்: ஆயுதப் பெயர்களில்தான் சிக்கல் வரும் என்று எண்ணுவீர்கள்; அது எளிதில் தீர்ந்துவிடும். படையில் இருப்பவர்கள் மேகசின், சார்ஜண்ட், ரேடியோ என்றுதான் பேசுகிறார்கள், அப்படியே எழுதிவிடலாம். தனித்தமிழ்ச் சொல்லைத் தேடி வாசகரை நடுவழியில் நிறுத்த வேண்டியதில்லை. கடினமானது ‘நீ’யும் ‘நீங்க’ளும்தான். ஆங்கிலத்தில் தலைவனும் வீரனும் ஒரே சொல்லால் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கிறார்கள். தமிழில் ஒவ்வொரு உரையாடலிலும் நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். வீரன் தலைவனை ‘நீங்கள்’ என்பான். தலைவன் அவனை ‘நீ’ என்பானா, ‘நீங்கள்’ என்பானா? அந்த மதர் என்ற சார்ஜண்ட், பதவியில் தன்னைவிட உயர்ந்தவனும் வயதில் இளையவனுமான தலைவனை மற்றவர் முன்னிலையில் எப்படி அழைப்பார், காயம்பட்டு இருவரும் தனியே கிடக்கும்போது எப்படி அழைப்பார்? ‘நீங்கள்’ என்று நூறு பக்கம் சொல்லி வந்தவர், ஒரே ஓர் இடத்தில் ‘நீ போய்விடு’ என்று சொன்னால், மூலத்தில் இல்லாத ஒரு கண்ணீர் தமிழில் வந்துவிடும். அந்த ஓர் இடம் எது என்பதை முதலில் கண்டுபிடித்துக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.